மெட்ரோ வரட்டும், ஆனால் ஊரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு. டீ ஆறுவதற்குள் படித்து முடிக்க முடியாது. நேரம் கிடைக்கும்போது படியுங்கள். ஆனால் முழுதாகப் படித்துவிட்டுச் சண்டைக்கு வாருங்கள்.

போன வாரம் தண்டலத்தில் நெடுஞ்சாலை ஓர டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். பேச்சு மெட்ரோவைப் பற்றி. யாரோ வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்களாம். ஸ்டேஷன் எங்கே வரும், சென்ட் என்ன விலை போகும், யாருடைய கடை போகும், யாருக்கு நஷ்டஈடு வரும் என்று அரை மணி நேரம் ஓடியது. என் பழைய மாணவன் ஒருவன், இப்போது அவனுக்கே நாற்பது வயது, "சார், நீங்க ரெண்டு கிரவுண்டு வச்சிருக்கீங்களே, விக்காதீங்க" என்று அறிவுரை சொன்னான். சிரித்துக்கொண்டேன்.

அந்த அரை மணி நேரத்தில் ஒருவர்கூடக் கேட்காத ஒரு கேள்வி உண்டு. இந்தப் பாதை வரும் வழியில் என்னென்ன பழையது இருக்கிறது? அதை யார் எழுதி வைத்திருக்கிறார்கள்? அது போகலாமா, இருக்கலாமா என்று யாரைக் கேட்பார்கள்?

அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் மெட்ரோவுக்கு எதிரி இல்லை. பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டும் திட்டம் இருக்கிறது. அதில் முதல் கட்டமாகச் சுங்குவார்சத்திரம் வரை சுமார் 27.9 கிலோமீட்டர், 14 நிலையங்கள், 8,779 கோடி ரூபாய் மதிப்பீடு என்று 2025-ல் மாநில அரசு கொள்கை அளவில் ஒப்புதல் கொடுத்தது. நல்ல செய்தி. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் பகுதிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! விடியற்காலை நாலரை மணிக்கு கம்பெனி பஸ்ஸுக்காகக் கொசுக்கடியில் நிற்கும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் என்னிடமோ என் சக ஆசிரியர்களிடமோ படித்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு ரயில் வருகிறது என்றால் அதைத் தடுக்க நான் யார்?

ஆனால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. அது என் சொந்தத் தவறு.

ஒரு சுமைதாங்கிக் கல்லின் கதை

இருபது வருடத்துக்கு மேல் இருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு கிளைச் சாலை. அதன் ஓரத்தில் புளியமரத்தடியில் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக் கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். நெஞ்சு உயரம் இருக்கும். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இன்னொருவர் கை கொடுக்காமலேயே சுமையை அதன்மேல் தள்ளி இறக்கி வைக்கலாம், இளைப்பாறிவிட்டு மறுபடி தலையில் ஏற்றிக்கொள்ளலாம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் இதை நடுவது வழக்கம். இறக்கி வைக்க முடியாத சுமையோடு போய்விட்டவளுக்காக ஊரார் சுமையை இறக்கி வைக்க ஓர் இடம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை அங்கே கூட்டிப்போனேன். கல்லின் விளிம்பில் எழுத்து இருந்தது. சாக்பீஸ் தூளைத் தேய்த்துப் பார்த்தோம். ஒரு பெண்ணின் பெயரில் பாதியும், "உபயம்" என்ற சொல்லும் தெரிந்தன. மீதி தேய்ந்திருந்தது. ஒரு பையன் தன் நோட்டில் அப்படியே வரைந்துகொண்டான். இன்னொரு நாள் வந்து முழுதாகப் படிக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் அந்தச் சாலையை அகலப்படுத்த வந்தார்கள். புளியமரத்தில் எண் எழுதினார்கள். கல்லின் மேல் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு போட்டார்கள். நான் அதைப் பார்த்தேன். சைக்கிளில் அந்த வழியாகத்தான் தினமும் பள்ளிக்குப் போவேன். சிவப்புக் கோட்டைப் பார்த்துவிட்டு, ஏதோ அளவு என்று நினைத்துப் போய்விட்டேன். பிறகு பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணிக்குப் பத்து நாள் போனேன். திரும்பி வந்தபோது மரமும் இல்லை, கல்லும் இல்லை. விசாரித்தால், உடைத்துச் சாலைக்கு அடியில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேலை செய்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கு அது வழியில் நின்ற ஒரு கல். அது என்ன என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. எங்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தெருவில் ஓர் ஆயா என்னை நிறுத்தினார். எண்பது வயது இருக்கும். அந்தக் கல் அவருடைய பாட்டியின் அக்காவுக்காக நட்டதாம். ஆடி மாதம் அவர்கள் வீட்டில் அதற்கு மஞ்சள் பூசிப் பொங்கல் வைப்பார்களாம். எனக்கு அதுவரை தெரியாது. "வாத்தியாரே, நீ படிச்சவன்தானே? கோடு போட்டத பாத்தேன்னு சொல்றியே, நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

இதைப் படிக்கும் யாராவது, "ஒரு கல்லுக்காகவா சார் இவ்வளவு?" என்று கேட்கலாம். அந்தப் பெண்ணின் பெயர் உலகத்தில் எழுதியிருந்தது அந்த ஒரே இடத்தில்தான். பட்டா, வாக்காளர் பட்டியல், பள்ளிப் பதிவேடு எதிலும் அவள் இல்லை. அந்தக் கல் போனதோடு அவள் இரண்டாவது முறை போய்விட்டாள்.

"மேலேதானே போகுது?"

டீக்கடையில் இதைச் சொன்னபோது என் மாணவன் சொன்னான்: "சார், இது சுரங்கப்பாதை இல்ல. மேம்பாலம். தூண் நட்டு மேலேயே போயிடும். கீழே இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது."

பாதி சரி. சுரங்கம் தோண்டும்போது வரும் அதிர்வு, நிலம் உள்வாங்குவது போன்ற ஆபத்து மேம்பாலத்தில் குறைவு. ஆனால் தூணுக்கு ஆழமாகத் துளை போட வேண்டும். அதற்கு முன்னால் குடிநீர்க் குழாய், மின் கேபிள், கழிவுநீர்க் கால்வாய் எல்லாவற்றையும் இடம் மாற்ற வேண்டும். அந்தத் தோண்டல் தூணைவிட அதிக இடத்தைத் தொடும். நிலையத்தின் படிக்கட்டும் லிப்டும் சாலையின் இரண்டு பக்கமும் இறங்கும். அதற்கு இடம் வேண்டும். கான்கிரீட் பாகங்களை வார்க்க ஒரு பெரிய மைதானம் வேண்டும். டிப்போ வேண்டும். ஆகவே தொடப்படுவது ஒரு கோடு மட்டும் இல்லை.

இன்னொன்றும் உண்டு. கட்டடமும் கல்லும் மட்டும்தான் பழையதா? அம்மன் புறப்பாடு வரும் தெரு, தேர் திரும்பும் முனை, மேளக்காரர்கள் நின்று வாசிக்கும் நாற்சந்தி, ஏரித் தண்ணீர் போகும் மதகு இவையெல்லாம் ஊர் பழக்கிவைத்த இடங்கள். மேலே பாலம் வந்தால் தேரின் கலசம் போகுமா என்று முதலிலேயே கேட்டால் தூணைப் பத்தடி தள்ளலாம். பாலம் கட்டிய பிறகு கேட்டால் தேரைத்தான் வெட்ட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓய்வு பெற்ற பிறகு எனக்கு நேரம் நிறைய. கொஞ்சம் படித்துப் பார்த்தேன். புரிந்ததைச் சொல்கிறேன்.

மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னம் என்றால் சட்டம் கடுமையானது. 2010-ல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி சுற்றிலும் 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி. அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே கட்டுமானத்துக்கு அனுமதி தேவை. மாநிலத் தொல்லியல் துறைக்கு 1966-ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. இவை எல்லாம் பட்டியலில் இருக்கும் சின்னங்களுக்கு.

சென்னையில் 2006-ல் அண்ணா சாலை பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை இடிக்கத் தொடங்கியபோது இன்டாக் அமைப்பு நீதிமன்றம் போனது. 2010-ல் உயர் நீதிமன்றம் அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றியது. பாரம்பரியக் கட்டடங்களுக்கு ஒரு குழு அமைக்கவும் வழி செய்தது. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பட்டியலில் இருந்த 467 கட்டடங்கள் பேச்சுக்கு வந்தது அப்போதுதான். நல்ல வேலை. ஆனால் அந்தப் பட்டியல் சென்னை நகரத்தின் பட்டியல். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த சென்னைப் பெருநகரப் பகுதியை 2022-ல் 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். எல்லை நம்மைத் தாண்டிப் போய்விட்டது. பட்டியல் அதே வேகத்தில் வரவில்லை.

மாநிலத்துக்கென்று பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வந்தது 2024-ல். பன்னிரண்டு வருடம். ஒரு குழந்தை பிறந்து ஏழாம் வகுப்புக்கு வந்துவிடும்.

அடுத்தது நம்மில் பலருக்குத் தெரியாதது. தொழிற்சாலையோ குவாரியோ வந்தால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது 2006-ஆம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி நடப்பது. அந்த அறிவிக்கையின் பட்டியலில் ரயிலும் இல்லை, மெட்ரோவும் இல்லை. ஆகவே அந்த வழியில் மெட்ரோவுக்குக் கட்டாயக் கருத்துக்கேட்பு கிடையாது. மெட்ரோ திட்டங்களில் நடக்கும் கலந்தாய்வு பெரும்பாலும் கடன் கொடுக்கும் வங்கிகளின் விதியால் நடப்பது. சென்னை இரண்டாம் கட்ட மெட்ரோவுக்கு ஜப்பானின் ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கி, ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி ஆகியவை கடன் கொடுத்திருக்கின்றன. பாதிக்கப்படும் மக்களோடு பேச வேண்டும், பண்பாட்டுச் சின்னங்களைக் கணக்கெடுக்க வேண்டும், தோண்டும்போது ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் இந்த வங்கிகளின் விதிகளில் இருக்கிறது. நம் ஊரைக் கேட்கச் சொல்லும் விதி மணிலாவிலிருந்தும் டோக்கியோவிலிருந்தும் வரவேண்டியிருக்கிறது என்பது எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. அவர்களாவது சொன்னார்களே என்று ஒரு பக்கம் ஆறுதல்.

இதைவிடப் பழைய சட்டம் ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. 1878-ஆம் வருடப் புதையல் சட்டம். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தகவல் சொல்ல வேண்டும். பத்து ரூபாய்! ஜேசிபி ஓட்டும் தம்பிகளில் எத்தனை பேருக்கு இதை யாராவது சொல்லியிருப்பார்கள்?

மற்ற ஊர்களில் என்ன நடந்தது?

முன்கூட்டிக் கேட்காததால் வந்த வம்புக்கு நம் சென்னையே உதாரணம். அண்ணா சாலையில் பி. ஆர் அண்ட் சன்ஸ் கடிகாரக் கடைக் கட்டடம். 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். முதல் கட்ட மெட்ரோ வேலையில் 2011-ல் அதன் பின்பகுதியில் கொஞ்சம் இடிக்கப்பட்டது. இடித்தது பின்னாளில் சேர்த்த பகுதிதானே என்று ஒரு தரப்பு. கட்டடம் முழுவதும் ஒன்றுதான் என்று இன்னொரு தரப்பு. விஷயம் உயர் நீதிமன்றம் போனது. எது பழையது, எது பிறகு சேர்த்தது என்று வரைபடத்தை மேசைமேல் விரித்து முடிக்க வேண்டிய பேச்சு, இடிபாட்டுக்கு முன்னால் நின்று நடந்தது.

டெல்லியில் 2012-ல் ஜாமா மசூதி அருகே மெட்ரோவுக்காகத் தோண்டியபோது பழைய சுவர்கள் வெளிப்பட்டன. ஷாஜகான் காலத்து அக்பராபாதி மசூதியின் மிச்சம் என்று பேச்சு எழுந்தது. பெரிய பதற்றம். கடைசியில் நிலையத்தின் இடத்தை மாற்றினார்கள். மாற்றினார்கள் என்பதைக் கவனியுங்கள். மாற்ற முடியும். அந்தப் பாதை 2017-ல் திறக்கப்பட்டு, இன்று 'ஹெரிடேஜ் லைன்' என்ற பெயரோடு செங்கோட்டைக்கும் ஜாமா மசூதிக்கும் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிறது.

கொல்கத்தாவில் கிழக்கு–மேற்கு மெட்ரோவின் சுரங்கம் பழைய கரன்சி கட்டடத்துக்கும் இரண்டு யூத வழிபாட்டுக் கூடங்களுக்கும் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. மூன்றும் மத்தியப் பாதுகாப்பில் உள்ளவை. அனுமதி இல்லாமல் வேலை காத்திருந்தது. 2017-ல் அனுமதி வந்த பிறகு சுரங்கம் போனது. மூன்று கட்டடமும் நிற்கின்றன. இன்று ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயிலும் ஓடுகிறது.

வெளிநாட்டில் பெரிய உதாரணம் இஸ்தான்புல். மர்மரே ரயில் திட்டத்துக்காக யெனிகாபி என்ற இடத்தில் தோண்டினார்கள். பழைய துறைமுகமே மண்ணுக்குள் இருந்தது. 37 பைசாந்தியக் கப்பல்கள். அதற்கும் கீழே புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடம். வேலை வருடக்கணக்கில் தள்ளிப்போனது. அரசியல்வாதிகள் எரிச்சலடைந்தார்கள். ஆனால் 2013-ல் ரயிலும் ஓடியது, அந்த நகரத்தின் வயது பற்றிய பாடப்புத்தகமும் மாறியது.

தாமதம் ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை. முன்னால் கேட்டால் தாமதம் மாதக் கணக்கு, பின்னால் கேட்டால் வருடக் கணக்கு. அவ்வளவுதான் என் கணக்கு.

நம்மிடம் என்ன இருக்கிறது?

"சார், அதெல்லாம் டெல்லி, இஸ்தான்புல். தண்டலத்துல என்ன இருக்கு?" என்று கேட்பவர்களுக்கு.

பூந்தமல்லியிலிருந்து காஞ்சிபுரம் போகும் நம் சாலையில் ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். பாப்பான்சத்திரம். பட்டுநூல்சத்திரம். சுங்குவார்சத்திரம். எத்தனை சத்திரம்! இது நடந்தும் மாட்டு வண்டியிலும் போன வழி. இரவில் தங்க, தண்ணீர் குடிக்க, கஞ்சி காய்ச்ச யாரோ புண்ணியவான்கள் கட்டிவைத்தவை அந்தச் சத்திரங்கள். இன்று கண்டக்டர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் விசில் அடிக்கிறார். ஆனால் சத்திரம் எங்கே நின்றது, யார் கட்டியது, கிணறு எங்கே என்று பிள்ளைகளைக் கேட்டால் திருதிருவென்று விழிக்கிறார்கள். சென்னையிலிருந்து காஞ்சிக்கு ஆட்கள் எப்படிப் பயணம் செய்தார்கள் என்ற சரித்திரமே இந்தச் சாலைதான். அதன் மேல்தான் அடுத்த பயணமாக மெட்ரோ வருகிறது. பழைய பயணத்தைப் பற்றி நாலு வரி எழுதி வைக்காமல் புதிய பயணத்தைத் தொடங்கலாமா?

திருமழிசை திருமழிசையாழ்வார் பிறந்த ஊர். ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். இவை எல்லாருக்கும் தெரியும். கோயிலும் இருக்கிறது, கேட்பாரும் இருக்கிறார்கள். அவற்றுக்கு என் போன்றவர்களின் சிபாரிசு தேவை இல்லை.

தெரியாதவற்றைச் சொல்கிறேன். புவியியல் படிப்பவர்களுக்கு ஸ்ரீபெரும்புதூர் என்றால் கார் கம்பெனி இல்லை, தாவரப் படிமங்கள். 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய, டைனோசர் காலத்துச் செடிகளின் இலைத் தடம் பதிந்த பாறைகளுக்கு நம் ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ஒரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டில் 2022-ல் மத்திய தொல்லியல் துறை அகழாய்வு செய்து கற்கருவிகளை எடுத்தது. தொழிற்சாலைப் புகைக்கு நடுவே ஆதி மனிதனின் தொழிற்சாலை! காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூர். 1780 செப்டம்பர் 10-ல் ஹைதர் அலியும் திப்புவும் ஆங்கிலேயப் படையை முறியடித்த இடம். அந்தப் போரின் படம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் அரண்மனைச் சுவரில் இருக்கிறது, ஆயிரக்கணக்கானோர் பார்க்கிறார்கள். போர் நடந்த மண் நம் மாவட்டத்தில் இருப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியாது.

பல்லாவரம் நினைவிருக்கிறதா? வகுப்பில் நான் சொல்லாத வருடம் இல்லை. 1863 மே 30-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் பழைய கற்காலத்தை உலகுக்குக் காட்டிய கல்லைக் கண்டெடுத்தது ஒரு சரளைக் குழியில். யாரோ சரளைக்காகத் தோண்டிப்போட்ட குழி. ஆகவே தோண்டுவதைக் கண்டு எனக்குப் பயமில்லை. தோண்டிப்போட்டதை ஒருவர் குனிந்து பார்க்க வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான்.

எப்படிக் கேட்க வேண்டும்?

சில வருடங்களுக்கு முன் வேறொரு திட்டத்துக்கான கலந்தாய்வுக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதன்கிழமை காலை பதினொரு மணி. வேலைக்குப் போகிறவன் எவன் வருவான்? திரையில் ஓடியது எல்லாம் ஆங்கிலம். வரைபடத்தில் எங்கள் ஊர் ஒரு விரல் நகத்தின் அளவு. நுழையும்போதே ஒரு நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். டீ, பிஸ்கெட் கொடுத்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் பேசவில்லை, அவர்களை யாரும் பேசச் சொல்லவும் இல்லை. நாங்கள் போட்ட கையெழுத்து, மக்களைக் கலந்தாலோசித்ததற்கான சாட்சியாகப் போயிருக்கும். பிஸ்கெட் நன்றாக இருந்தது. கலந்தாய்வு நடக்கவில்லை.

அதனால் இந்த முறை எப்படி நடக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஒன்று. பாதை முடிவாவதற்கு முன்னால் கேளுங்கள். முடிவான வரைபடத்தைக் காட்டி "என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்பது தகவல் சொல்வது. அதற்குப் பெயர் கருத்துக் கேட்பது இல்லை.

இரண்டு. தமிழில் கேளுங்கள். வரைபடத்தில் சர்வே எண்ணோடு ஏரி, கோயில், மயானம், கிணறு, பள்ளிக்கூடம் என்று எங்களுக்குத் தெரிந்த அடையாளங்களைப் போடுங்கள். ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள்.

மூன்று. ஞாயிற்றுக்கிழமை அல்லது மாலையில் கூட்டம் வையுங்கள். ஷிப்டு முடிந்தவனும் வரட்டும்.

நான்கு. ஊருக்கு மட்டும் போகாதீர்கள், காலனிக்கும் போங்கள், இருளர் குடியிருப்புக்கும் போங்கள். எது பழையது என்று முடிவு செய்வது எப்போதும் ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர்தான். அந்த நாலு பேரில் நானும் ஒருவன் என்பதால்தான் சொல்கிறேன். பெரிய கோயிலைப் பற்றி எல்லாரும் பேசுவார்கள். ஒரு வேப்பமரத்தடி அம்மனைப் பற்றியும், ஒரு மயானத்தைப் பற்றியும், அங்கே கும்பிடுகிறவர்களைத் தவிர யாரும் பேசமாட்டார்கள்.

ஐந்து. சொன்னதற்குப் பதில் கொடுங்கள். ஏற்றுக்கொண்டீர்களா, இல்லையா, ஏன் இல்லை என்று எழுத்தில் கொடுங்கள். "முடியாது, காரணம் இது" என்று சொன்னால்கூட மனிதன் பொறுத்துக்கொள்வான். பதிலே இல்லை என்றால்தான் கோபம் வரும்.

ஆறு. காப்பாற்ற முடியாததைப் பதிவாவது செய்யுங்கள். நாலு படம், அளவு, எழுத்துப் படி, ஊரார் சொல்லும் கதை. ஒரு கல்லைப் பத்தடி நகர்த்தி நட ஆகும் செலவு ஒரு தூணுக்கு ஆகும் செலவில் தூசு.

என் மேலும் ஒரு கேள்வி

இதற்கு எதிராக நியாயமான ஒரு பேச்சு உண்டு. அதை மறைக்க மாட்டேன். இப்படிக் கேட்கத் தொடங்கினால், நேற்று நட்ட கல்லுக்கு இன்று மாலை போட்டு, நாளை ஆயிரம் வருடக் கோயில் என்று ஒருவர் வருவார். நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ளச் சாமியை முன்னால் நிறுத்துவார். நடக்கக்கூடியதுதான். நான் பார்த்திருக்கிறேன்.

அதற்கு மருந்தும் பட்டியல்தான். திட்டம் வருவதற்கு முன்பே படத்தோடும் விவரத்தோடும் ஒரு பட்டியல் இருந்தால், புதிதாக முளைக்கும் கல் தானே மாட்டிக்கொள்ளும். பட்டியல் இல்லாத ஊரில் எல்லாக் கல்லும் கோயிலாகும், எல்லாக் கோயிலும் வெறும் கல்லாகும். சத்தம் போடுகிறவன் ஜெயிப்பான். அந்த ஆயாவுக்குச் சத்தம் போடத் தெரியாது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது. சில இடங்களில் பழையது வழிவிடத்தான் வேண்டும். விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் அந்தப் பெண்ணின் ஒரு மணி நேரத் தூக்கமும், ஒரு பழைய மண்டபத்தின் ஒரு தூணும் எதிரெதிரே நின்றால், எனக்கு முடிவு சொல்வது கடினம். ஆனால் அந்த முடிவை ஊர் கூடிப் பேசி எடுக்கட்டும். சிவப்புப் பெயிண்ட் டப்பா எடுக்க வேண்டாம்.

நாம் செய்யக்கூடியது

அவர்கள் வந்து கேட்பார்கள் என்று காத்திருந்தால் நான் மறுபடியும் சைக்கிளில் கடந்துபோனவன் ஆவேன். அதனால் நாமே தொடங்கலாம்.

தமிழ்நாட்டில் வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்த கிராம சபையில் நம் ஊராட்சிகள் ஒவ்வொன்றும் ஒரு தீர்மானம் போடலாம்: "எங்கள் ஊரில் உள்ள பழமையான இடங்களின் பட்டியல் இது. இந்த வழியில் வரும் எந்தத் திட்டமும் இதைப் பார்த்துவிட்டு, எங்களோடு பேசிவிட்டு வர வேண்டும்." நகலை கலெக்டருக்கும், தொல்லியல் துறைக்கும், மெட்ரோ நிறுவனத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பலாம். பணம் செலவில்லை. கட்சி வேண்டாம். கோஷம் வேண்டாம்.

இது நமக்குப் புதிதும் இல்லை. நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் உத்திரமேரூர் இருக்கிறது. ஊர்ச் சபைக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது, எப்படிக் குடவோலை எடுப்பது என்று பராந்தக சோழன் காலத்திலேயே, சுமார் 1,100 வருடங்களுக்கு முன், சுவரில் வெட்டி வைத்தவர்கள் நம் மண்ணின் ஆட்கள். அந்தச் சபையிலும் எல்லாருக்கும் இடம் இருந்ததில்லை. இன்றைய கிராம சபையில் எல்லாருக்கும் இடம் இருக்கிறது. நாம்தான் போவதில்லை.

என் பங்குக்கு நான் தொடங்கிவிட்டேன். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கியிருக்கிறேன். தண்டலத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சாலையின் இரண்டு பக்கமும் காலையில் நடந்து எழுதுகிறேன். முட்டி ஒத்துழைக்கும் வரை நடப்பேன். அன்று நோட்டில் எழுத்தை வரைந்துகொண்ட பையனைத் தேடிப் பிடித்தேன். இப்போது இருங்காட்டுக்கோட்டையில் வேலை. அந்த நோட்டு இல்லையாம். வீடு மாறும்போது பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டதாம். ஆனால் பெயரின் முதல் மூன்று எழுத்து நினைவிருக்கிறது என்றான். அதை என் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில், நெடுஞ்சாலை ஓரத்தில் பழைய மைல் கல், சுமைதாங்கி, நடுகல், சத்திரம், கிணறு, மதகு, எழுத்துள்ள கல், எதுவாக இருந்தாலும் ஒரு படம் எடுத்து, இடத்தைக் குறிப்பிட்டு, கீழே கமெண்டில் போடுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் கேட்டு அதன் கதையையும் ஒரு வரி சேருங்கள். தப்பாக இருக்குமோ என்று யோசிக்காதீர்கள். திருத்துவதற்கு வாத்தியார்கள் இருக்கிறோம், முப்பத்தைந்து வருடம் அதைத்தான் செய்தோம்.

மெட்ரோ வரட்டும். முதல் ரயிலில் நானும் ஏறுவேன், முட்டி வலி இருந்தால் லிப்டில் ஏறுவேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் இருக்கும் பிள்ளைக்கு, "அதோ பார், அதுதான் சுமைதாங்கிக் கல்" என்று ஒன்றையாவது காட்ட வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பகிர விரும்புகிறவர்கள் பகிரலாம். அனுமதி கேட்க வேண்டாம்.